பரியா, நரியா?

"பழைய டீசல் வண்டி வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வேண்டும்" என்று ஆசிரியர் சொன்னவுடனே எனக்கு ஞாபகம் வந்த ஊர் ஆவுடையார்கோவில். சிரிக்காதீர்கள். வாகனம் வாங்கப் போய்ச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டவர்களில் தமிழ்நாட்டிலேயே மிகப் பிரசித்தமானவர் அந்த ஊரில்தான் மாட்டிக்கொண்டார்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அரிமர்த்தன பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர் வாதவூரர். கீழைக் கடற்கரையில் நல்ல ஜாதிக் குதிரைகள் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட ராஜா, பொக்கிஷத்திலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, "வாங்கி வாரும்" என்று அவரை அனுப்பினான். வழியிலே திருப்பெருந்துறை. அங்கே குருந்த மரத்தடியில் ஒரு குருநாதர். அவரைக் கண்ட மாத்திரத்தில் மந்திரிக்குக் குதிரையும் மறந்தது, ராஜாவும் மறந்து போனான். கொண்டு வந்த பணமெல்லாம் கோவில் திருப்பணிக்குச் செலவாயிற்று. வாதவூரர் மாணிக்கவாசகரானார். அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் பாதையில் சுமார் 14 கிலோமீட்டர்.

ராஜா சும்மா விடுவானா? "குதிரை எங்கே?" என்று ஆள் மேல் ஆள் விட்டான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேர்ந்தன. சிவபெருமானே குதிரை வியாபாரியாக வேஷம் தரித்து முன்னால் வந்தார். அத்தனையும் காட்டு நரிகள்! ஆனால் பட்டப் பகலில் பார்த்த ராஜாவின் கண்ணுக்குப் பளபளவென்று மின்னும் பரிகள். பரம திருப்தி. முறைப்படி கயிறு மாறிக் கொடுத்து, வியாபாரமும் முடிந்தது. நடு ராத்திரியில் எல்லாம் நரியாக மாறி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுக் காட்டுக்கு ஓடிவிட்டன.

பக்தர்களுக்கு இது திருவிளையாடல். செகண்ட் ஹாண்டில் வண்டி வாங்கியவர்களுக்கோ சொந்த அனுபவம்.

புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தாலும் பாண்டியர்களுடைய குதிரை வியாபாரம் அவ்வளவு சிலாக்கியமாக இல்லை. அரபு தேசத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அவற்றைப் பராமரிக்கத் தெரியாமல் ஏராளமான குதிரைகள் செத்துப் போவதாகவும், லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொள்வதாகவும் எழுதி வைத்திருக்கிறார். பழைய குதிரை செத்தால்தானே புதுக் குதிரை விலை போகும்! பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாஃப் இன்னொரு படி மேலே போகிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று விலை பேசியிருந்ததாம். கடல் வழியில் குதிரை செத்துப் போனாலும் பாண்டியன் பணத்தைக் கொடுத்துவிட வேண்டுமாம். அப்படிக் கொடுக்க அவனிடம் முத்துக் குளித்த பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது கழுத்துச் சங்கிலி.

ஆம், வாசக சகோதரிகளே, சங்கிலிதான். வண்டி வாங்குவது புருஷர்கள் சமாசாரம் என்று நீங்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். பட்டணமோ கிராமமோ, சிறு வியாபாரத்துக்கு முதல் வண்டி வாங்கும் வீட்டில் முதலில் வெளியே போவது பெண்ணின் நகை. நகை உங்களுடையது என்றால் வண்டியைப் பார்க்கும் உரிமையும் உங்களுடையதே.

ஆவுடையார்கோவிலில் ஒரு தம்பதி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் வாடகை வண்டி பிடித்து நெல்லும் வைக்கோலும் ஏற்றி, வரும்படியில் பாதியை வாடகைக்கே கொடுத்து அலுத்துப் போனவர். மனைவி வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவள். கையில் ஒன்றரை லட்சம். நகையை வைத்தால் இன்னும் ஒன்றரை லட்சம். ஆக 3 லட்சம் ரூபாய். தரகர் ஒருவர் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருப்பதாகச் சொல்கிறார்.

"அண்ணே, நாளைக்குக் காலையிலே ஆறு மணிக்கு வந்து பாக்குறோம்" என்கிறாள் மனைவி.

"ஆறு மணிக்கா? அவ்வளவு சீக்கிரம் எதுக்குத்தா? சாவகாசமா பதினோரு மணிக்கு வாங்க. வண்டியைக் கழுவித் துடைச்சு, நானே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்கிறேன்."

இந்த இடத்தில் நம் கதாநாயகி உஷாராகிவிட வேண்டும். பாண்டியன் குதிரையை வெயிலில் பார்த்தான். அது இருட்டில் சுயரூபம் காட்டியது. டீசல் வண்டி சுயரூபம் காட்டும் நேரம் குளிர்ந்த விடியற்காலை.

ஏன் என்று கேட்டால், டீசல் எஞ்சினுடைய சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடேறும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் இந்தச் சங்கதியை வைத்துத்தான் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம்முடைய எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் வண்டியைப் போல இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைப்பதுதான் முறை. உள்ளேயிருக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டால் அமுக்கிய காற்று கசிந்துவிடும். பிரஷர் குக்கருக்கு ரப்பர் தேய்ந்தால் விசில் வராதல்லவா, அந்தக் கதைதான். எஞ்சின் ஏற்கெனவே சூடாயிருந்தால் இந்தக் குறை மறைந்துவிடும். ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். ராத்திரி முழுதும் குளிர்ந்து கிடந்த எஞ்சின் மாத்திரம் பொய் சொல்லாது.

ஆகையால் போனவுடன் முதல் காரியம், பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பது. தோசைக் கல் காய்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த கைக்கு இது ஒரு பிரமாதமல்ல. சூடாக இருந்தால், "சரிண்ணே, நாளைக்கு வர்றோம்" என்று திரும்பி விடுங்கள். குளிர்ந்திருந்தால் சாவியைப் போடச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று புகையைப் பாருங்கள். கிளம்பும்போது கொஞ்சம் புகை வருவது சகஜம். ஓரிரு நிமிஷத்தில் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் நீலமாக வந்தால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓயாமல் கறுப்பாகக் கக்கினால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் பற்றாத டீசலாக இருக்கலாம். உள்ளே தண்ணீர் இறங்கியும் இருக்கலாம். தண்ணீர் என்றால் செலவு பெரியது.

அடுத்தது, எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங் போயிற்று. மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். டிகாஷனில் பால் விட்ட மாதிரி வெளுத்த குழம்பு படிந்திருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். ரேடியேட்டர் மூடியை மாத்திரம் எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஆவுடையார்கோவில் பக்கத்தில் வண்டி தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கண்டம் உண்டு. அங்கிருந்து கிழக்கே போனால் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். மீன் பிடிப்பதே பிழைப்பு. மீன் ஏற்றுகிற வண்டிக்கு ஐஸும் உப்பு நீரும் நாள் தவறாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ராஜாவாக இருக்கும். அடியிலே சேஸிஸ் என்கிற முதுகெலும்பை உப்பு அரித்துத் தின்றிருக்கும். சேஸிஸ் போன வண்டியைப் பழுது பார்ப்பது என்பது, அஸ்திவாரம் போன வீட்டுக்கு வெள்ளையடிப்பது. மீன் வாடையை அகற்றக் கழுவி, சாம்பிராணி கூடப் போட்டிருப்பார்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு குனிந்து, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னேயிருந்து பின்னே வரை தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். சந்தையில் மண் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'டங்' என்றால் இரும்பு. 'தொப்' என்றால் துரு. ஒரு பக்கம் மட்டும் புது கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் அங்கே இன்னும் நாலு தட்டு தட்டுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டுப் போட்டிருந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆவுடையார்கோவில் கொடுங்கைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும். கருங்கல்லை மர வேலைப்பாடு என்று நம்பும்படி, சட்டமும் குமிழ் ஆணியுமாக இழைத்து வைத்திருக்கிறார்கள் அந்தச் சிற்பிகள். கல்லை மரமாகக் காட்டுவது தெய்வீகக் கலை. துருவை இரும்பாகக் காட்டுகிற கலைஞர்களும் நாட்டிலே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயிண்ட் டப்பா ஒன்றே போதும்.

சென்னையிலிருந்து வந்த வண்டி என்றால் இன்னொரு ஜாக்கிரதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் இதைக் கழுவ மறந்துவிடுவார்கள். சேற்றுக் கறை அதிலே தங்கியிருக்கும்.

கிலோமீட்டர் முள்ளை நான் நம்புவதில்லை. எண் எதுவாக இருந்தாலும், கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது. ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால் அதைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வயதானதுதான்.

எந்த வண்டி என்று கேட்பீர்கள். அது சுமையைப் பொறுத்தது. 'குட்டி யானை' என்று ஊரெல்லாம் செல்லமாக அழைக்கிற டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டே சிலிண்டர், முக்கால் டன் சுமைக்குள் காய்கறி, கடைச் சாமான், தண்ணீர்க் கேன் ஏற்றிச் சந்து பொந்துகளில் போய்வர அதற்கு இணை இல்லை. அதன் மேல் நெல் மூட்டையை அடுக்கி அறந்தாங்கிக்கு விரட்டினால் யானை படுத்துவிடும். ஒன்றேகால் டன் வேண்டுமென்றால் 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், அல்லது மஹிந்திரா பொலேரோ பிக்கப். வைக்கோல், தேங்காய், விறகு என்று கிராமத்துப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இவை ஏற்றவை. எது வாங்கினாலும் அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ அதன் சாமான் உடனே கிடைக்குமா, அதைப் பிரிக்கத் தெரிந்த மேஸ்திரி இருக்கிறாரா என்று முதலில் விசாரிப்பது நல்லது. மார்க்கோ போலோ சொன்ன குதிரைக்கு வந்த கதி நம் வண்டிக்கு வரக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் அதிகம். பல வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் உண்டு. தினமும் இரண்டு தெரு தூரம் போய்த் திரும்பினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றினால்தான் உள்ளே சேர்ந்த கரி எரியும். குறைந்த பணக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நன்றாகப் பராமரித்த பழைய பி.எஸ். 4 வண்டிதான். காற்றுக்கு நல்லது பி.எஸ். 6 என்பதை மறுப்பதற்கில்லை, பர்ஸைத்தான் சொல்கிறேன்.

எஞ்சின் பார்த்தாயிற்று. இனித்தான் உண்மையான கண்டம்: தஸ்தாவேஜு. மாட்டுச் சந்தையில் கயிறு மாறினால் வியாபாரம் முடிந்தது. மோட்டார் வண்டிக்குச் சாவி மாறுவதைக் கயிறு மாறுவதாக எண்ணி ஏமாந்தவர்கள் ஏராளம். இங்கே கயிறு என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர்.

அந்தப் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வண்டி யாரிடமாவது கடனுக்கு ஈடாக இருக்கிறதா என்பது. "கடன் எல்லாம் முடிஞ்சு போச்சு தங்கச்சி" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அது கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பணம் கொடுத்த வண்டியை வேறொருவர் வந்து ஓட்டிக்கொண்டு போக நேரலாம். அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் குறிப்பு உண்டா என்ற விவரங்கள் வந்துவிடும். பாக்கியிருக்கும் அபராதச் சலான்களையும் இப்படியே பார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை. சேஸிஸில் பொறித்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ராவிய தடம் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு 29-ஆம் படிவம், 30-ஆம் படிவம். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. இதைச் செய்யாமல் நாலு கை மாறி ஓடுகிற வண்டிகளைத் தரகர் பாஷையில் 'ஓப்பன் லெட்டர்' வண்டி என்பார்கள். அப்படி அடுத்தடுத்துப் பலர் கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்; நஷ்ட ஈடு அவர் தலையில். ஆகவே விற்கிறவருக்கும் இது அவசரமான காரியம்தான். அதைச் சொல்லியே அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போகலாம்.

இந்தப் படலமெல்லாம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். எவ்வளவு என்பது உங்கள் சாமர்த்தியம்.

3 லட்சத்துக்கு வருவோம். "வண்டியும் 3 லட்சம், நம்மகிட்டயும் 3 லட்சம், சரியாப் போச்சு" என்று கணவர் குதூகலப்படுவார். சரியாகப் போகாது. சுமை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே, 7,500 கிலோவுக்கு உட்பட்டதற்கு, 2022 அறிவிப்பின்படி வருஷத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. வண்டிக்கு எட்டு வயதாகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.; அதன் பிறகு வருஷா வருஷம். எஃப்.சி.க்குக் காட்டுமுன் பெயிண்ட், விளக்கு, பிரேக் என்று ஒரு சுற்றுச் செலவு. ஆயில், ஃபில்டர்கள், பெல்ட் இவற்றை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். பாட்டரியும் இரண்டு டயரும் கேட்கும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 60,000 ரூபாயை, ஒதுக்கி வைத்துவிட்டு 2,40,000 ரூபாய்க்குள் வண்டியைப் பேசுவதே புத்திசாலித்தனம். ஆவுடையார்கோவிலில் சுவாமிக்குப் புழுங்கல் அரிசிச் சாதத்தைச் சுடச்சுடப் பரப்பி அதன் ஆவியைத்தான் நைவேத்தியம் செய்கிறார்கள். நகைக் கடன் கொடுத்தவர் ஆவியோடு திருப்திப்படுகிற தெய்வமல்ல. மாதம் பிறந்தால் வட்டி வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆர்.சி.யில் வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. ஓட்டுபவருக்குச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதுமென்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

"காதுகுத்து, கல்யாணம்னு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனாலே வட்டி கட்டிடலாம் தங்கச்சி!" என்று தரகர் ஆசை காட்டுவார். அங்கேதான் நம் கதாநாயகி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். சுமை வண்டியில் மனிதர்களை ஏற்றுவது சட்ட விரோதம். அப்படி ஏறிப் போனவர்களுக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பின்பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். கட்டுரை வண்டி வாங்குவதைப் பற்றித்தான். இருந்தாலும் வண்டி வாங்காதவர்களும் இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை ஆறு மணி. தம்பதி வந்து சேர்ந்துவிட்டார்கள். கணவர் டயரை உதைத்துப் பார்க்கிறார். எதற்காக உதைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மனைவி நேரே போய்ப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். ஜில்லென்று இருக்கிறது. பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுக்கிறாள். தரகருக்கு வியர்க்கிறது.

"ஏத்தா, நீங்க மெக்கானிக் ஷெட்டிலே வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்லண்ணே. சங்கிலி என்னுது" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து முதல் தட்டுத் தட்டுகிறாள்.